ஜீவனஹள்ளியில் வீடு பார்க்கப் போனோம்

வீலர் ரோட்டில் தாம்ஸ் பேக்கரியைத் தாண்டி ஐடிசி மேம்பாலத்துப் பக்கம் போய் உள்ளே திரும்பியதும் தெரு ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், நடுவில் ஓர் ஆட்டோ போகும் அளவுக்கு வழி. முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் தரைத்தளம், அதன்மேல் மூன்று மாடி, அதற்கும் மேலே தகரக் கூரை போட்ட ஓர் அறை. கேட்டில் ‘டூலெட்’ பலகை. வாசலில் கோலம், கோலத்தை ஒட்டி நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் இரும்பு மூடி. ஒரு வீட்டில் தமிழ் சீரியல் ஓடுகிறது. எதிர்வீட்டில் கன்னடத்தில் பிள்ளையை அதட்டுகிறார்கள். காய்கறி வண்டிக்காரர் மூன்று மொழியில் விலை சொல்கிறார். இதுதான் ஜீவனஹள்ளி.

என் அக்கா மகளும் அவள் கணவரும் வீடு வாங்க வேண்டும். இருவருக்கும் நாகவாராவில் வேலை. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மாமியார் கூடவே இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. எத்தனையோ பார்த்துக் கழித்து, கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று இங்கே, எட்டு குடும்பங்கள் இருக்கும் பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடி. மற்றது ஹென்னூர்–பாகலூர் சாலையில், நூற்றுக்கணக்கான வீடுகளோடு எழும்பிக்கொண்டிருக்கும் கேட்டட் கம்யூனிட்டி. “சித்தி, நீங்களும் வந்து பாருங்க. எங்களுக்கு மனசு ஒரு பக்கமா நிக்க மாட்டேங்குது” என்றாள்.

வீட்டுக்குள் போகும் முன் அவர்களை ஃபிரேசர் டவுன் தெருக்களில் கொஞ்சம் நடத்திக் கூட்டிப் போனேன். காரணம் இருக்கிறது. இன்றைக்குப் பழைய பகுதி என்று நாம் சொல்லும் இந்த ஃபிரேசர் டவுன், ஒரு காலத்தில் புதிதாகக் கட்டிக் குடியேற்றிய ஊர். 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் வந்தது. நெருக்கமான தெருக்களில் அது வேகமாகப் பரவியது. அந்த அடிக்குப் பிறகுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக வளர்ந்தன. பிரிட்டிஷார் கையில் இருந்த கண்டோன்மென்ட் பக்கம், அன்றைய மைசூர் ரெசிடென்ட் ஸ்டுவர்ட் ஃபிரேசரின் பெயரில் ஃபிரேசர் டவுன் எழுந்தது. எலி குடியேற முடியாத தரையும் சுவரும், அறைக்குள் வெளிச்சமும் காற்றும், வீட்டுக்கு வீடு இடைவெளி, கழிவு போக வழி: இவற்றை முதலில் திட்டமிட்டு, பிறகு மனைகளைக் கொடுத்தார்கள். இதைப் பற்றி ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914ல் ஒரு நூலே எழுதினார். பிளேக் அண்டாத ஊரை அமைப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள்.

ஜீவனஹள்ளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சுற்றிலும் ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் என்று டவுன்கள் எழ எழ, நடுவில் கிராமமாக இருந்த இடம் நகரத்துக்குள் வந்துவிட்டது. பத்து நிமிடம் நடந்தால் குக் டவுனில் தெருவையே மூடி நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். இங்கே மரத்துக்கு இடமில்லை. அங்கே நேர்கோட்டில் தெருக்கள். இங்கே வரப்பு போன போக்கில் சந்துகள். ஆகவே ‘பழைய ஏரியா’ என்று மொத்தமாகப் பேசுவதே தவறு. திட்டம் போட்டுக் கட்டிய பழைய டவுன் வேறு, வீங்கிப் பெருத்த பழைய கிராமம் வேறு. தரகர்கள் இரண்டையும் சேர்த்து ‘ஃபிரேசர் டவுன் பக்கம்’ என்று ஒரே விலை பேசுவார்கள். வாங்குகிறவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த எட்டு வீட்டுக் கட்டடம் ஒரு கிராஸின், அதாவது குறுக்குத் தெருவின், கடைசியில் இருந்தது. மொசைக் தரை, நல்ல உயரமான கூரை, மூன்று பக்கம் ஜன்னல். பகலில் விளக்கே தேவையில்லை. இப்போது கட்டும் வீடுகளில் இந்த அளவு படுக்கையறை கிடைப்பது அபூர்வம். நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் கணிசமாக வருகிறது. எட்டே வீடு என்பதால். குளியலறைக் கூரையில் ஈரக்கறை இருந்தது, அதைச் சரி செய்துகொள்ளலாம். ஆனால் லிஃப்ட் இல்லை. எட்டு வீட்டுக்கு ஐந்து வண்டி நிறுத்தத்தான் இடம். சங்கம் என்று பதிவான ஒன்றும் இல்லை. மோட்டார் பழுதானால் ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் செய்கிறார்கள். மாப்பிள்ளை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். அம்மாவை நினைத்துத்தான் எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

தரைத்தளத்தில் ஒரு வயதான அம்மா மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலூர்ப் பக்கத்துத் தமிழ். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

“காவேரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும்மா. சில நாள் ராத்திரியில வரும். வந்தா சம்ப்பு ரொம்பிடும், அதுவே போதும்.”

“2024ல ஊரே தண்ணி இல்லாம தவிச்சதே, அப்போ?”

“கொறச்சுதான் விட்டாங்க. டேங்கர் கூப்பிட்டோம். ஆனா நின்னு போகல.”

அந்த ‘நின்னு போகல’ என்ற வார்த்தையில்தான் இந்தப் பகுதியின் மதிப்பே இருக்கிறது. காவிரித் தண்ணீர் பெங்களூருக்கு முதன்முதலில் வந்தது 1974ல். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து, மேடேற்றி மேடேற்றிக் கொண்டு வருகிறார்கள். பழைய பகுதிகள் அந்தக் குழாய் வலைக்குள் எப்போதோ வந்துவிட்டன. 2007ல் மாநகராட்சியோடு சேர்த்த 110 கிராமங்களுக்கோ, ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கிய பிறகுதான் வழி பிறந்தது. நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. இடைப்பட்ட அந்த 17 ஆண்டுகளில் அங்கே வீடு வாங்கியவர்கள் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பித்தான் குடும்பம் நடத்தினார்கள். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது டேங்கர் விலை கண்டபடி ஏறியது. 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகமே விலை கட்ட வேண்டி வந்தது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அந்தக் கோடையை மறந்துவிட்டு இந்த ஊரில் யாரும் வீடு வாங்கக் கூடாது.

அந்த அம்மா விடாமல் பேசினார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம்தான் இவர்களை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதாம். “அவங்க பொண்ணு கல்யாணத்துக்கு மூணு நாள் எங்க வீட்டு அடுப்புதான் எரிஞ்சுது” என்றார். பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் 1809 முதல் கண்டோன்மென்ட்டுக்கு வந்து சேர்ந்த தமிழர்களின் தலைமுறைகள் இந்தப் பக்கத்தில் வேர் பிடித்திருக்கின்றன. அக்கம்பக்கம் என்பது இங்கே அப்படிப் பழகிப் பழகி உண்டானது. விற்பனை விளம்பரங்களில் ‘கம்யூனிட்டி’ என்று அச்சடிக்கிறார்களே, அது இதுதான். ஆனால் புதிதாகக் குடிவருகிறவருக்கு இது முதல் நாளே கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயத்தை அங்கேயே நின்று கவனித்தேன். அந்தக் கிராஸுக்குள் ஆம்புலன்ஸ் வரும், தீயணைப்பு வண்டி வராது. இரண்டு வீடு தள்ளி பழைய ஓட்டு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் நான்கு மாடி எழும். அடுத்த சுவருக்கு இரண்டடி கூட விட மாட்டார்கள். இன்றைக்கு மூன்று பக்கம் வெளிச்சம் வரும் வீட்டுக்கு நாளைக்கு இரண்டு பக்கம்தான் மிஞ்சும். பழைய பகுதியில் வாங்குகிறவர்கள் பக்கத்துச் சைட்டில் என்ன இருக்கிறது, யாருடையது, விற்கப் போகிறார்களா என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

காகிதங்களைப் பார்த்தோம். தாய்ப் பத்திரம் ஒரு பெரியவர் பெயரில் தொடங்கி, பாகப் பிரிவினையாகி, பிள்ளைகள் கைக்கு வந்து, அதன் பிறகு கட்டடமாகியிருக்கிறது. பழைய சொத்தில் எப்போதும் பயப்பட வேண்டிய இடம் இந்தப் பாகப் பிரிவினைதான். கையெழுத்துப் போடாத ஒரு மகளோ பேத்தியோ எங்காவது இருந்தால் வழக்கு நிச்சயம். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், வாரிசுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுக்கச் சொன்னேன். மாநகராட்சியின் சொத்துப் பதிவான கட்டா, ஏ கட்டாவாக இருந்தது நல்ல சேதி. மாநகரப் பகுதியில் இ-கட்டா இல்லாமல் 2024 இறுதியில் இருந்து பத்திரப்பதிவு நடப்பதில்லை. குடியேறத் தகுதிச் சான்று, அதாவது ஓசி, இந்தக் கட்டடத்துக்கு இல்லை. ஜீவனஹள்ளி மாதிரி இடங்களில் சின்னக் கட்டடங்கள் பலவற்றுக்கு இருக்காது. ஆனால் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இதை ‘எல்லாருக்கும் அப்படித்தான்’ என்று விட்டுவிட முடியாது. இந்தச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் கடன் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இன்றைக்கு இருக்கும் இணைப்பு ஓடுகிறது, சரி. நாளைக்கு விற்கும்போது வாங்க வருகிறவரின் வங்கி இந்தக் கேள்வியைக் கேட்கும்.

மதியம் லிங்கராஜபுரம் வழியாக ஹென்னூர் சாலையைப் பிடித்தோம். 2008ல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததில் இருந்து நகரம் இந்தப் பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கொத்தனூர் தாண்டியும் கிரேன்கள்தான் கண்ணில் படுகின்றன. நாங்கள் பார்க்கப் போன குடியிருப்பு மாநகர எல்லைக்கு வெளியே, கிராமப் பஞ்சாயத்து நிலத்தில் இருந்தது. முதல் கட்டத்தில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், இரண்டாம் கட்டம் எழும்புகிறது.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. வாசலில் இருந்து வீட்டு வாயில் வரை ஒரு படி கிடையாது. எல்லா இடத்திலும் சாய்தளம், இரண்டு லிஃப்ட், மின்சாரம் போனால் ஜெனரேட்டர். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் சைக்கிளோடு கீழே இறங்கினார்கள். ஒரு காரும் குறுக்கே வராத இடத்தில் நான்கு வயதுக் குழந்தை ஓடுவதைப் பார்க்கையில் எந்தத் தாய்க்கும் மனம் சாயும். கூட வந்த மாமியார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சேலத்தில் இருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மாவோடு பேச்சுக் கொடுத்தார். கிளம்பும்போது, “இங்கன்னா நான் தனியாவே கீழ வந்து போவேன்” என்றார். ஜீவனஹள்ளியில் அந்த இரண்டாம் மாடிக்குக் குடிபோனால் இந்த அம்மா மருத்துவரைப் பார்க்க மட்டுமே படியிறங்குவார். இதைச் சிறிய விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

விற்பனை அலுவலகத்தில் இளைஞர் ஒருவர் மரியாதையாகப் பேசினார். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி, அதில் பச்சைப் புல்வெளி, நீச்சல் குளம். நான் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டேன். போர்வெல் ஐந்து இருக்கிறதாம். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பி விடுகிறார்களாம். பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஜீவனஹள்ளியில் இது கிடையாது. “குடிக்கவும் குளிக்கவும்?” என்றேன். “காவேரி வந்துடும் மேடம்.” “ஒப்பந்தத்துல எழுதியிருக்கா?” அவர் புன்னகைத்தார், பதில் சொல்லவில்லை. அவர் மேல் குறையில்லை. பஞ்சாயத்து எல்லையில் காவிரியைக் கொடுக்கிறேன் என்று எந்தக் கட்டுமானக்காரரும் எழுதித் தர முடியாது. முதல் கட்டத்தின் பின்வாசலில் டேங்கர் நின்று தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது. அந்தச் செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் வந்து சேரும். கோடைக்குக் கோடை கூடும்.

அடுத்து, மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டோம். வளாகத்துக்குள் வடிகால் நன்றாகவே இருந்தது. மதிலுக்கு வெளியே அது போய்ச் சேர ஒரு கால்வாய் இல்லை. காலி நிலத்தில் போய் நிற்கிறது. அந்தக் காலி நிலத்திலும் நாளைக்கு ஒரு கட்டடம் வரும். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் கோடிக்கணக்கில் விலை போன வில்லாக்களில் இருந்து ஆட்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்ததை நாடே பார்த்தது. எலஹங்காவில் கேந்திரிய விஹார் குடியிருப்பு 2021லும் மூழ்கியது, 2024லும் மூழ்கியது. அங்கே குடியிருந்தவர்கள் செய்த பாவம் ஒன்றுமில்லை. ஏரியில் இருந்து ஏரிக்குத் தண்ணீர் போகும் வழிகளை மறித்து நகரம் வளர்ந்ததன் விளைவு அது. ஃபிரேசர் டவுனைக் கட்டியவர்கள் நோய்க்குப் பயந்தாவது ஊருக்கு முன்னால் வடிகாலை யோசித்தார்கள். இன்றைக்கு மதிலுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, மதிலுக்கு வெளியே யாருக்கும் பொறுப்பில்லை. எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இதுதான். நூறு ஆண்டுக்கு முன் தெரிந்திருந்த வரிசைமுறை நமக்கு மறந்து போயிருக்கிறது.

சட்டப் பாதுகாப்பைப் பார்த்தால் புதியதன் கை ஓங்கியிருக்கிறது. 2017ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா நடைமுறைக்கு வந்த பிறகு, வாங்குகிறவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் வைக்க வேண்டும். உள்ளே புழங்கக்கூடிய பரப்பான கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். கட்டுமானக் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளில் இருந்து 5 ஆண்டு வரை கட்டுமானக்காரரே சரி செய்து தர வேண்டும். கர்நாடக ரெரா தளத்தில் திட்டத்தின் பதிவு, அனுமதி வரைபடம், முடிப்பதாகச் சொன்ன தேதி எல்லாம் பார்க்கலாம். ஜீவனஹள்ளியின் பழைய வீட்டுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. செலவில் கணக்கு வேறு மாதிரி. கட்டி முடிக்காத வீட்டுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஒரு கோடிக்கு 5 லட்சம். மறுவிற்பனை வீட்டுக்கு அது இல்லை. முத்திரைத்தாள் 5 சதவீதமும், 2025 ஆகஸ்ட் 31 முதல் இரட்டிப்பான 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் இரண்டுக்கும் பொது. பழைய வீட்டுக்குப் பழுது பார்க்கும் செலவும், கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்து வங்கி கடனைக் குறைப்பதும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்.

திரும்பி வரும்போது ஹென்னூர் சந்திப்பில் வண்டிகள் அசையவில்லை. அவர்கள் தினமும் இந்த வழியாகத்தான் நாகவாராவுக்குப் போய் வர வேண்டும். ஜீவனஹள்ளியில் இருந்து வேலைக்குப் போகும் தூரம் குறைவு. கண்டோன்மென்ட் ரயில் நிலையமும், 2022ல் திறந்த விஸ்வேஸ்வரய்யா முனையமும் கிட்டத்தில் இருக்கின்றன. மாமியாரின் ஊர் ஆம்பூர். கண்டோன்மென்ட்டில் வண்டி ஏறினால் ஜோலார்பேட்டை வழியாக நேரே போய் இறங்கலாம். 1864ல் போட்ட அந்தத் தடம் இன்றும் தமிழ்க் குடும்பங்களை இந்தப் பக்கத்தோடு கட்டி வைத்திருக்கிறது. சேவா நகரில் புறநகர் ரயில் நிறுத்தம் வரும் என்கிறார்கள். வரும்போது வரட்டும், அதற்கு இப்போதே விலை கொடுக்க வேண்டாம் என்றேன்.

இரவு சாப்பிட்ட பிறகு என் கருத்தைக் கேட்டார்கள். ஜீவனஹள்ளி சரி, அந்த வீடு சரியில்லை என்று சொன்னேன். தண்ணீர்க் குழாயும், கூப்பிடு தூரத்தில் கடையும், பள்ளிக்கூடமும், முகம் தெரிந்த மனிதர்களும் உள்ள இடத்தைக் குழந்தைக்காக எடுக்கலாம். ஆனால் முழங்கால் வலிக்கும் தாயை லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் ஏற்றி வைத்துவிட்டு எந்தப் பகுதியை எடுத்தும் பலனில்லை. காக்ஸ் டவுனுக்கும் ஜீவனஹள்ளிக்கும் இடையில் லிஃப்ட் உள்ள, ஓசி வாங்கிய, தெரு அகலமான கட்டடங்கள் உண்டு. அவற்றில் அறை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அது கிடைக்கும் வரை அதே பகுதியில் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிடச் சொன்னேன். லீஸுக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னேன். மொத்தத் தொகையைக் கொடுத்து வீட்டில் இருந்த பிறகு, அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருப்பது தெரிந்து தவிக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய.

மாப்பிள்ளை பாகலூர் சாலைக்குப் புக்கிங் பணம் கட்டவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் முதல் மாடியில் ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்.

நீங்களும் இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள் என்றால், மாதிரி வீட்டைப் பார்க்கும் நேரத்தில் பாதியை மதிலுக்கு வெளியே செலவிடுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் ஒருமுறை போங்கள். தரைத்தளத்தில் மோட்டார் சுவிட்சைப் போடுகிறவர் யாரோ, அவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். விற்பவர் வாயால் சொல்வதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராததற்குப் பணம் கொடுக்காதீர்கள்.